சோபே ஆற்றங்கரையில் நீங்களே வண்டி ஓட்டி சஃபாரி: திட்டமிடுவது முதல் முகாமில் தூங்குவது வரை

போட்ஸ்வானாவின் வடகிழக்கு மூலையில் கசானே என்று ஒரு சின்ன ஊர். ஊர் முடிகிற இடத்திலேயே செடுடு வாசல். அதைத் தாண்டினால் சோபே தேசியப் பூங்கா. வழிகாட்டியோ ஓட்டுநரோ வனக்காவலரோ கூட வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கட்டணத்தைக் கட்டி, பதிவேட்டில் பெயரையும் வண்டி எண்ணையும் எழுதிவிட்டு நீங்களே உள்ளே ஓட்டிக்கொண்டு போகலாம். எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது என்பதெல்லாம் உங்கள் இஷ்டம். மணலில் சக்கரம் புதைந்தால் தோண்டி எடுப்பதும் உங்கள் பாடுதான்.

பூங்காவின் பரப்பு சுமார் 11,700 சதுர கிலோமீட்டர். அதில் வடக்கு எல்லையில் ஆற்றை ஒட்டி ஓடும் ஒரு துண்டைப் பற்றித்தான் இங்கே பெரும்பாலும் பேசப்போகிறேன். முதல் தடவை போகிறவர்களுக்கு அந்தத் துண்டே தாராளமாகப் போதும். திட்டமிடும்போது பலர் விமான டிக்கெட்டில் ஆரம்பிக்கிறார்கள். இந்தப் பயணத்துக்கு அது சரிவராது. ஆற்றங்கரையில் இரவு எங்கே தூங்கப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள்.

முதலில் ஆற்றைப் பற்றி

அங்கோலாவின் மேட்டு நிலத்தில் பிறக்கும் குவாண்டோ ஆறு, கீழே வர வர லின்யாண்டி என்றும் சோபே என்றும் பெயர் மாறி, கசானேக்குப் பக்கத்தில் கசுங்குலாவில் சாம்பேசியோடு கலக்கிறது. போட்ஸ்வானா, நமீபியா, சாம்பியா, ஜிம்பாப்வே என நான்கு நாடுகளும் நெருங்கி வரும் இடம் அது. சாம்பேசியில் வெள்ளம் ஏறும்போது அந்தத் தண்ணீர் சோபேக்குள் எதிர்த்திசையில் ஏறிவந்து தாழ்வான புல்வெளிகளை மூடிவிடும். சுமாராக ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் உச்சத்தில் இருக்கும், அப்போது கரையோரத் தடங்கள் சில மூழ்கியே கிடக்கும். அதன்பிறகு மெல்ல வடிந்து, செப்டம்பர் அக்டோபரில் அந்த இடமெல்லாம் பச்சைப் புல்லாக விரியும்.

ஆற்றுக்குத் தெற்கே இருப்பது வறண்ட காடு. மழைக்காலத்தில் அங்கே குட்டைகளில் தண்ணீர் நிற்பதால் விலங்குகள் உள்ளே பரந்து கிடக்கும். குட்டைகள் வற்ற வற்ற, குடிப்பதற்கு ஆற்றை விட்டால் வேறு வழியில்லை. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் எந்த மாதம் போவது, எந்த நேரத்தில் எங்கே நிற்பது என்ற கேள்விகளில் பாதிக்கு விடை கிடைத்துவிடும்.

எதிர்க்கரை நமீபியா. நடுவில் இருக்கும் செடுடு தீவு யாருக்குச் சொந்தம் என்று இரு நாடுகளும் சர்வதேச நீதிமன்றம் வரை போய், 1999 டிசம்பரில் போட்ஸ்வானாவுக்கே என்று தீர்ப்பானது. இன்று அந்தத் தீவில் காட்டெருமைகளும் யானைகளும் கழுத்தளவுத் தண்ணீரில் நீந்திப்போய் மேய்கின்றன.

எந்த மாதம் போகலாம்

மே முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். என் ஓட்டு ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் முடிவு வரை. ஆற்றங்கரையில் விலங்குக் கூட்டம் நன்றாகச் சேர்ந்திருக்கும், வெயிலும் பொறுக்கக்கூடியதாக இருக்கும். அக்டோபரில் யானைகள் இன்னும் அதிகம்தான், ஆனால் வெயில் 40 டிகிரியைத் தொடும். சென்னை மே மாதத்தைப் பார்த்தவர்களுக்குப் பழக்கம்தானே என்று நினைக்கலாம். இங்கே மதியம் படுக்க மின்விசிறி கிடையாது, கூடாரம்தான்.

ஜூன், ஜூலையில் பகல் இதமாக இருக்கும். விடியற்காலைதான் சோதனை, கம்பளி இல்லாமல் ஸ்டியரிங்கைத் தொடக்கூட முடியாது. ஆப்பிரிக்கா என்றால் சூடு என்று நினைத்து ஒரு ஸ்வெட்டர்கூட இல்லாமல் வந்து நடுங்குகிறவர்கள் உண்டு.

நவம்பர் முதல் மார்ச் வரை மழை. பறவை பார்ப்பவர்களுக்கு இதுதான் நல்ல காலம், குட்டிகளும் அதிகம். முதல் தடவை சொந்தமாக ஓட்டப்போகிறவர்களுக்கு மட்டும் நான் இதைச் சொல்ல மாட்டேன். புல் ஆளுயரம் வளர்ந்து விலங்கை மறைக்கும். தெற்கே சவூட்டி, மபாபே பக்கம் கரிசல் மண் மழையில் குழைந்து வண்டியைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

முகாம் உறுதியான பிறகு டிக்கெட்

ஆற்றங்கரைப் பகுதியில் பூங்காவுக்கு உள்ளேயே பொதுமக்கள் கூடாரம் போட்டுத் தங்க இருக்கும் இடம் இஹாஹா. செடுடு வாசலிலிருந்து மேற்கே சுமார் 30 கிலோமீட்டர். பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் தங்கினாலே நிறைந்துவிடும் அளவுக்குச் சின்ன முகாம். வேலி கிடையாது. ஒவ்வொரு இடமும் ஆற்றைப் பார்த்தபடி இருக்கும். பொதுக் கழிப்பறையும் குளியலறையும் உண்டு.

இந்த இடத்துக்காகத்தான் தேதியையே மாற்றச் சொல்கிறேன். வெறும் சொகுசுக்காக இல்லை. செடுடு பகுதியில் நெரிசலைக் குறைக்க, விடியற்காலையும் மாலையும் சஃபாரி நிறுவன வண்டிகளுக்கு, காலை 9 முதல் மதியம் 2:30 வரை சொந்த வண்டிக்காரர்களுக்கு என்று நேரம் பிரித்தார்கள். அதாவது கசானேயில் தங்கிப் பகலுக்கு மட்டும் உள்ளே போகிறவர்களுக்குக் கிடைப்பது வெயில் ஏறிய நேரம். இஹாஹாவில் தூங்கினால் விடியும்போது ஏற்கெனவே உள்ளே இருப்பீர்கள். சிங்கம் நடமாடும் நேரமும் அதுதான்.

முகாமில் இடம் பிடிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. போட்ஸ்வானா அரசு பூங்கா முகாம்களை வெவ்வேறு தனியார் நிறுவனங்களிடம் கொடுத்திருக்கிறது. இஹாஹா ஒருவரிடம், சவூட்டியும் லின்யாண்டியும் வேறொருவரிடம். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பதிவு செய்ய முடியாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே மின்னஞ்சல் எழுதி, காத்திருந்து, பணம் அனுப்பி, ரசீது வாங்க வேண்டும். பதிலுக்குச் சில நாள் ஆகும், அவசரப்பட்டுப் பயனில்லை. வறண்ட காலத்துக்கு எட்டு முதல் பத்து மாதம் முன்பே எழுதிவிடுங்கள். உள்ளே தங்கப் போவதாகச் சொன்னால் வாசலில் ரசீதைக் கேட்பார்கள். அச்சிட்ட தாளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முகாம் கட்டணம் வேறு, பூங்கா நுழைவுக் கட்டணம் வேறு. நுழைவுக் கட்டணம் வனவிலங்கு, தேசியப் பூங்காக்கள் துறைக்குப் போகிறது. ஆளுக்கும் வண்டிக்கும் தனித்தனியாக, நாள்கணக்கில். வெளிநாட்டவருக்குத் தொகை அதிகம், 2022 ஏப்ரலில் நன்றாகவே உயர்த்தினார்கள். பழைய பயணக் குறிப்புகளில் இருக்கும் தொகையை நம்பிப் பட்ஜெட் போட்டுவிடாதீர்கள்.

இஹாஹா கிடைக்கவே இல்லையா? கசானேயில் ஆற்றோரமாகவே முகாம் போட வசதியுள்ள விடுதிகள் இருக்கின்றன. அங்கே தங்கி, காலையில் ஒரு நாள் நிறுவன ஜீப்பில், அடுத்த நாள் 9 மணிக்கு உங்கள் வண்டியில் என்று பிரித்துக்கொள்ளலாம். அதுவும் மோசமில்லை.

பாஸ்போர்ட், ஊசி, லைசென்ஸ்

சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ கசானேக்கு நேரடி விமானம் இல்லை. ஜோகன்னஸ்பர்க் வழியாகப் போவதுதான் வழக்கம். அங்கிருந்து கசானேக்கும், போட்ஸ்வானாவின் இன்னொரு ஊரான மவுனுக்கும் விமானம் உண்டு. அல்லது சாம்பியாவின் லிவிங்ஸ்டனிலோ ஜிம்பாப்வேயின் விக்டோரியா ஃபால்ஸிலோ இறங்கி, அருவியைப் பார்த்துவிட்டு 80 கிலோமீட்டர் போல தரைவழியாகக் கசானே வரலாம். லிவிங்ஸ்டன் பக்கம் முன்பு ஆற்றை மிதவைப் படகில் கடக்கக் காத்துக் கிடக்க வேண்டும். 2021 மே மாதம் கசுங்குலா பாலம் திறந்த பிறகு அந்தத் தொல்லை போய்விட்டது.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு போட்ஸ்வானா விசா வேண்டும், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஜோகன்னஸ்பர்க்கில் வண்டி எடுப்பதானால் தென்னாப்பிரிக்க விசாவும் வேண்டும். 18 வயதுக்குக் கீழே பிள்ளைகள் வந்தால் பிறப்புச் சான்றிதழின் சான்றளிக்கப்பட்ட நகல் கட்டாயம். பெற்றோரில் ஒருவர் மட்டும் அழைத்துப்போனால் மற்றவரின் ஒப்புதல் கடிதமும் கேட்பார்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். போட்ஸ்வானாவில் அந்த நோய் இல்லை. ஆனால் அடிஸ் அபாபா, நைரோபி வழியாக வந்து அங்கே நீண்ட நேரம் தங்க நேர்ந்தால், இறங்குகிற நாட்டிலும் சரி, திரும்பும்போது இந்தியாவிலும் சரி, சான்றிதழ் கேட்கலாம். இல்லையென்றால் இந்தியாவில் தனிமைப்படுத்தி வைக்கும் விதி இருக்கிறது. சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் ஊசி போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், கடைசி வாரத்துக்குத் தள்ளிவைக்காதீர்கள். மலேரியாவுக்கு வடக்கு போட்ஸ்வானா முழுவதுமே ஆபத்துப் பகுதி, மருத்துவரிடம் கேட்டு மாத்திரையை ஊரிலேயே தொடங்கிவிடுங்கள். விமானத்தில் தூக்கிப்போகும் வசதி சேர்ந்த பயணக் காப்பீடும் வேண்டும். கசானே மருத்துவமனை சின்னது.

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கி, சொந்த லைசென்ஸோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். போட்ஸ்வானாவிலும் இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும், கை பழகிய விஷயம்.

வண்டி

மேலே கூடாரம் மடித்துவைத்த டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கேப், அல்லது லேண்ட் க்ரூஸர். ஆற்றங்கரைக்கு நான்கு சக்கர இயக்கமும் நல்ல தரை உயரமும் கட்டாயம். சாதாரண எஸ்.யூ.வி.யை மலிவு என்று எடுக்காதீர்கள், முதல் மணல் மேட்டிலேயே கதை முடிந்துவிடும்.

கசானே, மவுன், நமீபியாவின் விண்ட்ஹூக், ஜோகன்னஸ்பர்க் நான்கு இடங்களிலும் இப்படி முழு ஏற்பாட்டோடு வாடகைக்குக் கிடைக்கும்: கூடாரம், மெத்தை, நாற்காலி, கேஸ் அடுப்பு, இரண்டாவது பேட்டரியில் ஓடும் குளிர்பெட்டி. ஜோகன்னஸ்பர்க்கில் வாடகை குறைவு, ஆனால் கசானே வரைக்கும் சுமார் 1,200 கிலோமீட்டர். விடுப்பு குறைவாக இருப்பவர்கள் கசானேயிலேயே எடுப்பது மேல். வண்டியோடு இன்னொரு நாட்டுக்குள் போவதானால் வாடகை நிறுவனத்தின் எழுத்துமூல அனுமதியும் வேண்டும்.

வண்டியை வாங்கும்போது வெட்கப்படாமல் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். கூடாரத்தை ஒருமுறை நீங்களே விரித்து மடியுங்கள். ஜாக்கியை இறக்கி, மண்வெட்டியை எடுத்து, காற்றடிக்கும் கம்ப்ரஸரை ஓட்டிப் பாருங்கள். ஸ்பேர் சக்கரம் இரண்டு இருந்தால் நிம்மதி. நான்கு சக்கர இயக்கத்தை எப்படிப் போடுவது, லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவையோடு போக உதவும் கியர்) எங்கே என்று ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். ஏற்கெனவே உள்ள கீறல்களை வீடியோ எடுத்துவிடுங்கள். காப்பீட்டில் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம், தண்ணீரில் இறங்கிய சேதம் இவையெல்லாம் பெரும்பாலும் சேராது. இரவில் ஓட்டிய விபத்தும் சேராது. பொடி எழுத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மழைக்குப் பிறகு, புல் உயரமாக இருக்கும் மாதங்களில் போகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. காய்ந்த புல்லும் விதையும் வண்டிக்கு அடியில் சூடான புகைக்குழாயைச் சுற்றி அடைந்துகொள்ளும். அது தீப்பற்றி வண்டியே எரிந்துபோன சம்பவங்கள் தெற்கு ஆப்பிரிக்காவில் ஏராளம். நடுவில் புல் வளர்ந்த தடத்தில் ஓட்டினால் முகாமுக்குப் போனதும் குனிந்து பார்த்துப் புல்லை உருவிவிடுங்கள். ரேடியேட்டருக்கு முன்னால் வலை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கசானேயில் சாமான் வாங்குதல்

பூங்காவுக்குள் கடை கிடையாது, பெட்ரோல் கிடையாது. டேங்கை நிரப்பிக்கொண்டு, சூப்பர்மார்க்கெட்டில் அரிசி, முட்டை, காய், ரொட்டி, குடிநீர் வாங்கிக்கொள்ளுங்கள். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் என்று கணக்கு வைத்தால் தட்டுப்பாடு வராது. விறகைக் காட்டில் பொறுக்கக் கூடாது, ஊரிலேயே கட்டுக்கட்டாக விற்கிறார்கள். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ஊறுகாய் கொண்டுபோனால் இருட்டுவதற்குள் சமையல் முடிந்துவிடும்.

ஆரஞ்சு, எலுமிச்சை போன்ற பழங்களைத் தவிர்த்துவிடுங்கள். யானைக்கு அந்த வாசனை வெகுதூரம் எட்டும், வண்டிக் கதவு அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

சிம் கார்டு வாங்குங்கள், ஆனால் உள்ளே பெரும்பாலும் சிக்னல் இருக்காது. சில திருப்பங்களில் நமீபியாவின் சிக்னல் எட்டிப்பார்க்கும். வரைபடத்தைப் போனிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். டிராக்ஸ் ஃபார் ஆப்பிரிக்கா என்ற வரைபடச் செயலியில் சின்னத் தடங்கள்கூட இருக்கின்றன. ட்ரோனைக் கொண்டுபோகாதீர்கள், அனுமதி இல்லை.

அன்று மாலை ஒரு படகுச் சவாரி போய்விடுங்கள். நாமே ஓட்டத்தானே வந்தோம், படகு எதற்கு என்று விட்டுவிட வேண்டாம். நீர்யானை, முதலை, நீந்தும் யானை இவற்றைத் தண்ணீர் மட்டத்திலிருந்து பார்க்கும் கோணம் வண்டியிலிருந்து கிடைக்காது. அதோடு, மறுநாள் கரையில் எந்த இடத்தில் என்ன நிற்கிறது என்று ஒரு மனக்கணக்கும் வந்துவிடும்.

மணலில் ஓட்டுவது

வாசலைத் தாண்டியதும் ஓரமாக நிறுத்தி டயர் காற்றைக் குறையுங்கள். தார்ச்சாலையில் 32 முதல் 35 பி.எஸ்.ஐ. இருக்கும். மணலுக்கு 20 பக்கம் கொண்டுவாருங்கள். காற்றுக் குறைந்த டயர் நீளமாகத் தரையில் படிந்து, மணலைக் கிழிக்காமல் அதன்மேல் ஏறிப்போகும். முதல் தடவை ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது இந்தப் பத்து நிமிட வேலையைச் சோம்பலில் விட்டுவிடுவதால்தான்.

மணல் ஆழமாகத் தெரிந்தால் அதில் இறங்குவதற்கு முன்பே நான்கு சக்கர இயக்கத்தைப் போடுங்கள், இறங்கிய பிறகு யோசித்தால் தாமதம். ஒரே சீரான வேகம். நடுவில் கியர் மாற்றுவதும் பிரேக் அழுத்துவதும் வேண்டாம். முன்னால் போன வண்டிகள் போட்ட தடத்திலேயே போங்கள். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துச் சண்டை போடாமல் கொஞ்சம் விட்டுப் பிடித்தால், தடம் தானே வண்டியைக் கொண்டுபோகும். கட்டைவிரலை ஸ்டியரிங் வளையத்துக்குள் கொடுக்காதீர்கள், பள்ளத்தில் டயர் இடித்தால் ஸ்டியரிங் வெடுக்கென்று திரும்பும். ஆற்றங்கரையிலிருந்து மேட்டுக்கு ஏறும் சின்னச் சரிவுகள்தான் இங்கே சோதனை. கீழே நின்று எதிரே வண்டி வருகிறதா என்று பார்த்துவிட்டு ஒரே மூச்சில் ஏறுங்கள்.

சக்கரம் சுழன்று வண்டி நகரவில்லையா? ஆக்சிலரேட்டரிலிருந்து உடனே காலை எடுங்கள். இன்னும் மிதித்தால் அச்சு வரை புதையும். முதலில் வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்னால் எடுத்துப் பாருங்கள், பாதி நேரம் அதிலேயே வந்துவிடும். வரவில்லை என்றால் நான்கு பக்கமும் நன்றாகப் பார்த்துவிட்டு இறங்கி, சக்கரத்துக்கு முன்னாலும் அடியிலும் மணலை வாரி, காற்றை 15 பி.எஸ்.ஐ.க்கு இறக்கி, லோ ரேஞ்சில் முயலுங்கள். ஒருவர் தோண்டும்போது இன்னொருவர் காவல் நிற்க வேண்டும், இரண்டு பேரும் குனிந்துகொண்டிருக்கக் கூடாது. அதுவும் முடியாவிட்டால் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருங்கள். ஆற்றங்கரைத் தடத்தில் அடுத்த வண்டி வர அதிக நேரம் ஆகாது. உதவிக்கு நடந்து போகும் எண்ணம் மட்டும் வேண்டாம்.

பூங்காவுக்குள் உச்ச வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர். தடத்தை விட்டு இறங்கி ஓட்டக் கூடாது, இருட்டிய பிறகு ஓட்டக் கூடாது. வாசல்கள் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை காலை 6 முதல் மாலை 6:30 வரையும், மற்ற மாதங்களில் 5:30 முதல் 7 வரையும் திறந்திருக்கும். கசானேயிலிருந்து மேற்கே ங்கோமா வாசல் வரை பூங்காவுக்குள்ளேயே ஒரு தார்ச்சாலையும் ஓடுகிறது. நேரமாகிவிட்டால் ஆற்றுத் தடத்தை விட்டு அதில் ஏறி விரைவாகப் போகலாம். அங்கேயும் புதரிலிருந்து யானை திடீரென்று குறுக்கே வரும், கவனம்.

ஆற்றங்கரையில் ஒரு நாள்

விடிந்ததும் டீயோ காபியோ குடித்துவிட்டுக் கிளம்புங்கள். முதல் இரண்டு மணி நேரம் மெதுவாக நகர்ந்துகொண்டே தேட வேண்டிய நேரம். தடத்து மணலில் இரவு விழுந்த காலடிகள் இன்னும் கலையாமல் இருக்கும். சிங்கம் இருந்தால் அதை நீங்கள் கண்டுபிடிப்பதைவிட இம்பாலா மான்கள் கண்டுபிடித்துச் சொல்வதுதான் அதிகம். மந்தை முழுதும் மேய்வதை விட்டு ஒரே பக்கம் உற்றுப் பார்த்தால் நீங்களும் அங்கே பாருங்கள். பபூன் குரங்கின் தொடர்ந்த குரைப்பும் அப்படித்தான். சிறுத்தைக்கு ஆற்றோரப் பெரிய மரங்களின் கிளைகளைத் துழாவ வேண்டும், தொங்கும் வால்தான் முதலில் கண்ணில் படும்.

ஒன்பது மணிக்கு மேல் செரொண்டெலா பக்கம் போங்கள். ஒரு காலத்தில் மர அறுவைத் தொழிலால் உருவான குடியிருப்பு, 1975 வாக்கில் முழுவதும் காலியானது. இப்போது வண்டியை விட்டு இறங்க அனுமதியுள்ள இடம், கழிப்பறையும் உண்டு. பிள்ளைகளோடு போகிறவர்கள் நாளின் கணக்கையே இதை நடுவில் வைத்துப் போடுவது நல்லது. வேறு எங்கும் இறங்கக் கூடாது.

பத்து மணியிலிருந்து ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள். நான் மிகவும் வலியுறுத்துவது இதைத்தான். யானைகள் காட்டுக்குள்ளிருந்து இறங்கி வரும் ஒரு திறப்பைப் பார்த்து, வழியை மறிக்காமல் ஒதுங்கி, நிழலில் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். அரை மணி நேரம் ஒன்றுமே நடக்காமல் போகலாம். சின்ன மான்கள், வார்த்தாக் பன்றிகள், மரக்கிளையில் மீன்கழுகு. அப்புறம் மேட்டில் புதருக்கு மேலே புழுதி எழும். முதலில் ஒரு பெரிய பெண் யானை வந்து நின்று துதிக்கையைத் தூக்கி முகர்ந்து பார்க்கும். பின்னால் வரிசை சேரும். தண்ணீர் வாசனை எட்டியதும் கடைசி நூறு மீட்டரைக் குட்டிகள் காதை விரித்துக்கொண்டு ஓடியே கடக்கும். அவ்வளவு பெரிய கூட்டம் ஓடிவந்தும் காலடிச் சத்தம் அநேகமாகக் கேட்காது. துதிக்கையிலிருந்து தொண்டைக்குள் தண்ணீர் இறங்கும் சத்தம்தான் கேட்கும். துதிக்கையைப் பயன்படுத்தத் தெரியாத குட்டி, முட்டி போட்டு வாயாலேயே குடிக்கும். ஒரு கூட்டம் குடித்து, சேறு பூசி, அக்கரையைப் பார்த்து நிற்பதற்குள் அடுத்தது மேட்டில் வந்து காத்திருக்கும். தடத்தில் மேலும் கீழுமாக ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இதை இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இந்த யானைகளைப் பார்க்கத்தான் உலகம் இங்கே வருகிறது. ஐந்து நாடுகள் சேர்ந்த காசா (KAZA, கவாங்கோ-சாம்பேசி) வனவிலங்குக் காப்புப் பகுதியில் 2022-இல் எடுத்த கணக்கெடுப்பில் சுமார் 2,27,900 யானைகள், அதில் போட்ஸ்வானாவில் மட்டும் ஏறக்குறைய 1,32,000. எந்த நாட்டிலும் இத்தனை இல்லை.

கொஞ்சம் பொறுமை உள்ளவர்கள் புல்வெளியில் புக்கு மானையும் தேடுங்கள். போட்ஸ்வானாவில் அது இந்த ஆற்றோரத்தில் மட்டும்தான் உண்டு. லெச்வே மானோடு குழப்பிக்கொள்வது சுலபம்: லெச்வேக்கு முன்னங்காலில் கறுப்புப் பட்டை இருக்கும், புக்குக்கு இருக்காது.

படம் எடுப்பவர்களுக்கு ஒன்று. ஆறு உங்களுக்கு வடக்கே இருக்கிறது. பூமத்தியரேகைக்குத் தெற்கே என்பதால் ஜூன், ஜூலை நண்பகலில் சூரியனும் வடக்கேதான் நிற்கும். ஆகவே மதியப் படங்கள் எதிர்வெளிச்சத்தில் கறுத்துப்போகும். காலையும் மாலையும் பக்கவாட்டு வெளிச்சம் கிடைக்கும்.

யானைக்கு அருகில்

நமக்கு யானை பழகிய விலங்கு என்ற நினைப்பு இருக்கிறது. இங்கே அது உதவாது, சில சமயம் தவறான முடிவுக்கும் கொண்டுபோகும். கன்னத்தில் நீர் வழிந்தால் மதம் என்று படித்திருப்போம். ஆப்பிரிக்க யானையில் ஆண், பெண் இரண்டுக்கும் கொஞ்சம் பரபரப்பு ஏற்பட்டாலே கன்னச் சுரப்பி கசியும். அதை மட்டும் பார்த்து மதம் என்று சொல்ல முடியாது. தலையை உயர்த்தி நடக்கும் பெரிய ஆண், பின்னங்கால்கள் சிறுநீர் சொட்டி நனைந்திருக்க, கடுமையான வாடையோடு வந்தால் அது மதம்தான். அதற்கு எவ்வளவு சீக்கிரம் வழிவிட முடியுமோ அவ்வளவு நல்லது. தந்தத்தை வைத்து ஆண் என்றும் முடிவு கட்டாதீர்கள், இங்கே பெண் யானைக்கும் தந்தம் உண்டு.

யானைகள் தடத்தைக் கடக்கும்போது முன்கூட்டியே நிறுத்துங்கள். கூட்டத்தின் நடுவில் வண்டியை விடாதீர்கள். ஒரு பக்கம் தாய், மறுபக்கம் குட்டி, நடுவில் நீங்கள் என்ற நிலை வரவே கூடாது. எப்போதும் முன்னாலோ பின்னாலோ வெளியேற வழி வைத்துக்கொண்டு நில்லுங்கள். தலையை ஆட்டி, காதை விரித்து, புழுதி கிளப்பி ஓடிவந்து சட்டென நின்றால் அது பெரும்பாலும் மிரட்டல். ஹார்ன் அடிக்காமல், கத்தாமல், மெதுவாகப் பின்வாங்குங்கள். காதுகள் பின்னால் ஒட்டி, துதிக்கை சுருண்டு, சத்தமில்லாமல் வந்தால் அது மிரட்டல் இல்லை, கிளம்பிவிட வேண்டும்.

இரவு முகாமில்

சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இஹாஹாவுக்குத் திரும்பிவிடுங்கள். கூடாரத்தை விரித்து, சமைத்து, குளித்து முடிப்பதெல்லாம் வெளிச்சத்தில் நடக்க வேண்டும். கூடாரம் போடும் இடத்தில் யானைப்பாதையோ நீர்யானை கரையேறும் சரிவோ இருக்கிறதா என்று பாருங்கள், இரண்டும் நன்றாகத் தேய்ந்து வழவழவென்று தெரியும். நீர்யானை இரவில் புல் மேயக் கரையேறும். அதற்கும் தண்ணீருக்கும் நடுவில் யாரும் நிற்கக் கூடாது. பகலில்கூட ஆற்று விளிம்புக்குப் போய்க் கை நனைக்காதீர்கள், முதலைகள் இருக்கின்றன.

உணவு எதையும் மேசையில் விட்டுவிட்டு நகராதீர்கள். பகலில் குரங்குகள், இரவில் கழுதைப்புலிகள். கழுதைப்புலி செருப்பையும் கவ்விக்கொண்டு போகும். குளிர்பெட்டி, குப்பை, பாத்திரம், செருப்பு எல்லாம் வண்டிக்குள். கூடாரத்தின் ஜிப்பை முழுவதும் மூடித் தூங்குங்கள். வேர்க்கிறது என்று பாதி திறந்துவைப்பது வேண்டாம், கொசுவலை மட்டும் இருக்கும் ஜன்னல் போதும். இரவில் சிறுநீர் கழிக்க இறங்க வேண்டியிருந்தால், இறங்குவதற்கு முன் டார்ச்சைச் சுற்றிலும் அடித்துக் கண்கள் மின்னுகின்றனவா என்று பாருங்கள். கழிப்பறை தூரமாக இருந்தால் நடக்காதீர்கள், ஏணிக்குப் பக்கத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு வாளி வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஏற்றது. சிங்கத்தின் கர்ஜனை பக்கத்தில் கேட்பதுபோல இருக்கும், பெரும்பாலும் கிலோமீட்டர் கணக்கில் தள்ளி இருக்கும். அதைக் கேட்டுவிட்டு வெளியே எட்டிப்பார்க்கத்தான் கூடாது.

எத்தனை இரவு, அடுத்து எங்கே

கசானேயில் ஓர் இரவு, இஹாஹாவில் மூன்று இரவு. ஆற்றங்கரைக்கு இது நல்ல அளவு. ஒரே இரவு மட்டும் என்றால் பாதி நேரம் கூடாரம் மடிப்பதிலேயே போய்விடும்.

இன்னும் நாள் இருந்தால் தெற்கே சவூட்டி. ங்கோமா வழியாகக் கச்சிகாவ் வரை தார்ச்சாலை, அதன்பிறகு ஆழமான மணல். 1980-களின் தொடக்கத்தில் வறண்ட சவூட்டி ஓடையில் கால்நூற்றாண்டுக்குப் பிறகுதான் மறுபடி தண்ணீர் வந்தது. யானையையே வேட்டையாடிய சிங்கக் கூட்டத்தால் பெயர் பெற்ற இடம். அங்கிருந்து மபாபே வழியாக மவுன் போய் வண்டியை ஒப்படைக்கலாம். கசானேயிலிருந்து மவுன் வரை இந்த வழியில் நம்பகமான பெட்ரோல் நிலையம் இல்லை, மணல் வேறு எரிபொருளைக் குடிக்கும். பெரிய டேங்கோ கூடுதல் கேன்களோ இல்லாமல் இறங்காதீர்கள். ஒற்றை வண்டியாகப் போகிறவர்கள் சாட்டிலைட் போன் வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். தைரியம் வரவில்லையா, நாட்டா வழியாகச் சுற்றிப் போகும் சுமார் 600 கிலோமீட்டர் தார்ச்சாலை இருக்கிறது. அதில் பகலில் மட்டும் ஓட்டுங்கள். மாடும் கழுதையும் சாலையிலேயே படுத்திருக்கும்.

எந்த வழியில் போனாலும் கால்நடை நோய்த் தடுப்புச் சாவடிகள் வரும். கோமாரி பரவாமல் இருக்க, வடக்கிலிருந்து தெற்கே பச்சை இறைச்சி கொண்டுபோக விடமாட்டார்கள், பால் பொருளையும் கேட்பதுண்டு. குளிர்பெட்டியைத் திறந்து பார்த்துப் பறிமுதல் செய்வார்கள். சில இடங்களில் இறங்கி, மருந்து நனைத்த விரிப்பில் செருப்பை மிதித்து, வண்டியையும் மருந்துக் குட்டையில் ஓட்டச் சொல்வார்கள். ஆகவே இறைச்சி வாங்கியிருந்தால் கடைசி இரவே சமைத்துச் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். தார்ச்சாலையில் ஏறியதும் முதல் வேலையாக டயர்களில் பழையபடி காற்றடியுங்கள். 20 பி.எஸ்.ஐ.யில் நூறு கிலோமீட்டர் வேகம் போனால் டயர் சூடேறி வெடிக்கும், அந்தச் செலவு உங்கள் தலையில்தான் விழும்.